பிரேம்சந்த் இராய்சந்த்

செல்வம் என்னும் சொல்லுக்கு, ஓரிடத்தில் நில்லாது செல்லும் இயல்புடையது என்று பொருள் கூறுவர் ஆன்றோர். அவ்வுண்மையைப் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தோர் பலர். தம் வாழ்வில் பட்டு அறிந்தோர் சிலர். அங்ஙனம் பட்டறிந்தவருள் ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய் மாநகரில் வாழ்ந்த பிரேம்சந்த் இராய்சந்த் என்னும் வணிகப் பெருமகனார். முப்பத்து மூன்று அகவைக்குள் அவர் எய்திய செல்வத்தைக் கண்டு அந்நகரமே வியந்தது. அடுத்த ஆண்டிலேயே அச்செல்வம் சரிந்து வீழ்ந்தபோது அந்நகரமே கலங்கியது. ஆயினும், தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் பிறர்க்கென்று அவர் அளித்துவிட்ட பொருள் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அழியாமல் நிற்கிறது. பொருளின் ஆற்றலையும் அதன் நிலையாமையையும் ஒருங்கே உணர்த்துவது அவர் வரலாறு.

பிறப்பும் கல்வியும்

கூர்ச்சர நாட்டில், தபதி ஆற்றின் கரையில் சூரத்து என்னும் நகரம் அமைந்துள்ளது. முகலாய மன்னர் காலத்தில் அது மேலைக் கடற்கரையின் தலைசிறந்த துறைமுகமாக விளங்கியது. ஆங்கிலேய வணிகர் இந்நாட்டில் முதன்முதலில் பண்டகசாலை அமைத்த இடங்களுள் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் பம்பாய்த் துறைமுகம் வளர வளர, சூரத்தின் வாணிகம் தளர்ந்தது. அந்நகரத்து வணிகக் குடும்பங்கள் பல, பிழைப்பை நாடிப் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தன. அவற்றுள் ஒன்று இராய்சந்த் தீப்சந்த் என்பவரது குடும்பம். அவர் சமண சமயத்தைச் சேர்ந்தவர். மர வாணிகம் செய்தவர். அவருக்கும் அவர்தம் மனைவியார் இராஜாபாய் அம்மையாருக்கும் மகனாகப் பிரேம்சந்த் 1831ஆம் ஆண்டில் பிறந்தார்.

பம்பாயில் வளர்ந்த பிரேம்சந்த், எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் பயின்றார். வணிகர் மரபில் பிறந்த சிறுவர், கணக்கும் தாய்மொழியும் ஓரளவு கற்றவுடன் கடைக்குச் சென்று அமர்வதே அக்காலத்து வழக்கம். பிரேம்சந்தோ ஆங்கிலத்தையும் ஆர்வத்துடன் கற்றார். ஆங்கிலத்தை எழுதவும் படிக்கவும் பேசவும் வல்ல முதல் இந்தியப் பங்குத் தரகர் அவரே என்று கூறுவர். ஆங்கில வணிகரோடு பிற தரகர்கள் இடையாள் ஒருவரை வைத்துப் பேசிய காலத்தில், பிரேம்சந்த் நேரே சென்று உரையாடினார். இளமையில் கற்ற கல்வியே அவர் பின்னர் எய்திய உயர்வுக்கெல்லாம் முதற்படியாயிற்று. கல்வியால் உயர்ந்தவர் ஆதலின், செல்வம் வந்தபோது கல்விக்கே மிகுதியாக வழங்க அவர் மனம் விழைந்தது போலும்.

தரகுத் தொழில்

ஒருவர் தனித்துச் செய்ய இயலாத பெருந்தொழிலைப் பலர் கூடிச் செய்தற்கு வகுக்கப்பட்ட முறையே கூட்டுப் பங்கு முறை. வேண்டிய மூலதனத்தைச் சமமான பல பங்குகளாகப் பிரிப்பர். விரும்பியவர் தம்மால் இயன்ற அளவு பங்குகளைப் பெறுவர். தொழிலில் வரும் ஊதியம் பங்குக்கேற்பப் பிரிக்கப்படும். ஊதியம் பெருகுமென்று மக்கள் எண்ணினால் பங்கின் விலை ஏறும். குறையுமென்று எண்ணினால் இறங்கும். அப்பங்குகளை விற்போரையும் வாங்குவோரையும் இணைத்து, அதற்குக் கூலி பெறுபவரே பங்குத் தரகர்.

பிரேம்சந்த் இளைஞராய் இருந்த நாளில் பம்பாயில் இத்தொழிலுக்கெனத் தனிக் கட்டடம் இல்லை. நகர மண்டபத்தின் அருகில் நின்ற மரங்களின் நிழலே தரகர் கூடும் இடமாக இருந்தது. எழுத்தைவிட வாய்ச்சொல்லே அங்கு வலிமை உடையது. சொன்ன சொல் தவறியவன் மறுநாள் அம்மரநிழலில் நிற்க இயலாது. இருபது அகவையை அடையு முன்னரே பிரேம்சந்த் அத்தொழிலில் புகுந்தார். அவரது நினைவாற்றல் வியத்தற்குரியது. எத்துணைக் கொடுக்கல் வாங்கல்கள் நிகழினும், அவற்றைத் தாளில் குறித்து வைக்காமல் உள்ளத்திலேயே நிறுத்திவைப்பார் என்பர். கூர்ந்த அறிவும் இனிய சொல்லும் அயரா உழைப்பும் கொண்டிருந்தமையால், சில ஆண்டுகளிலேயே தரகருள் முதல்வராக அவர் உயர்ந்தார்.

பருத்தியால் பெருகிய செல்வம்

அக்காலத்தில் இங்கிலாந்து நாட்டின் இலங்காசயர்ப் பகுதியில் நூற்றுக்கணக்கான நூற்பாலைகள் இயங்கி வந்தன. அவற்றிற்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களிலிருந்து சென்றது. 1861ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. வடவர் தம் கப்பற்படையைக் கொண்டு தென்னாட்டுத் துறைமுகங்களை முற்றுகையிட்டனர். பஞ்சு ஏற்றிய கப்பல்கள் வெளியேற முடியவில்லை. இலங்காசயர் ஆலைகள் பஞ்சின்றி வாடின. தொழிலாளர் வேலையின்றி வருந்தினர். ஆலை முதலாளிகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது.

கூர்ச்சரத்திலும் மராட்டியப் பகுதியிலும் விளைந்த பருத்தி பம்பாயை நோக்கி வெள்ளம்போல் வந்தது. அதன் விலையோ பன்மடங்கு உயர்ந்தது. மெத்தைகளையும் தலையணைகளையும் பிரித்து, உள்ளிருந்த பழம் பஞ்சையும் எடுத்து விற்றனர் என்று அந்நாளைய செய்திகள் கூறுகின்றன. எங்கோ ஓரிடத்தில் மக்கள் போரிட்டு மடிய, அதன் பயனாக வேறோரிடத்தில் பொன் குவிந்தது. உலக வாணிகத்தின் இயல்பு அத்தகையது.

இவ்வாய்ப்பை முதலில் உணர்ந்தவருள் பிரேம்சந்தும் ஒருவர். பஞ்சின் விலையை உறுதி செய்வது இங்கிலாந்தின் இலிவர்ப்பூல் நகரச் சந்தையே. அச்சந்தையின் செய்தி கப்பல் வழியாக வந்து சேரும். கப்பல் துறைமுகத்தை அடையும்வரை ஏனையோர் காத்திருக்க, பிரேம்சந்த் தம் ஆட்களைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் அனுப்பி, செய்தியை முன்னதாகவே அறிந்துவிடுவார் என்று கூறுவர். செய்தியை முந்தி அறிந்தவன் சந்தையிலும் முந்துவான் அல்லவா! பருத்தி மன்னர் என்று மக்கள் அவரை அழைக்கத் தொடங்கினர்.

ஆசைப் பெருவெள்ளம்

வந்து குவிந்த பணத்தை எவ்வழியில் ஈடுபடுத்துவது என்பதே பம்பாய் மக்களின் பெருங்கவலை ஆயிற்று. நாள்தோறும் புதிய நிறுவனங்கள் தோன்றின. 1865ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நகரில் 31 வங்கிகள் இருந்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கி விற்பதற்கென்றே பல நிறுவனங்கள் ஏற்பட்டன. அவற்றுள் முதன்மையானது பேக் பே நிலமீட்பு நிறுவனம். 5,000 ரூபாய் செலுத்திப் பெற்ற அதன் பங்கு ஒன்று 50,000 ரூபாய்க்கு விலை போயிற்று. நிலம் கடலுக்கு அடியில் இருந்தது. அதன் விலை மட்டும் வானளாவ உயர்ந்தது!

பங்கின் விலையை இன்று பேசி முடித்து, பணத்தையும் பங்கையும் பின்னர்க் குறித்த ஒரு நாளில் கைமாற்றிக்கொள்ளும் வாய்தா வாணிகமும் பெருகிற்று. கையில் காசில்லாதவரும் இம்முறையில் இலட்சக்கணக்கில் பேரம் பேசினர். வணிகர் மட்டுமல்லர், எழுத்தர் முதலிய சிறு வருவாயினரும் கடன் வாங்கிப் பங்கு வாங்கினர்.

இவ்வெள்ளத்தின் நடுவே நாயகராக விளங்கியவர் பிரேம்சந்த். அவர் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார் என்னும் செய்தியே அதன் பங்கின் விலையை ஏற்றப் போதுமானதாக இருந்தது. பங்கு வேண்டுவோர் நாள்தோறும் அவரை நாடி வந்தனர். 1840ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பம்பாய் வங்கி, அரசினரும் பங்கு கொண்ட பெருநிறுவனம். அவ்வங்கியிலும் அவர் செல்வாக்கு ஓங்கியது. ஏறிய விலையையே மதிப்பாகக் கொண்டு, பங்குகளை ஈடாகப் பெற்று, அவ்வங்கி பெருந்தொகைகளைக் கடனாக வழங்கியது. அக்கடன்கள் பல பிரேம்சந்தின் சொல்லை நம்பியே வழங்கப்பட்டன. அச்செயல் பின்னர்ப் பெருந்தீங்கிற்கு வித்தாயிற்று.

கல்விக்கு அளித்த கொடை

செல்வம் உச்சியில் இருந்த அந்நாளிலேயே பிரேம்சந்தின் கை ஈதற்கும் நீண்டது. 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அவற்றுள் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு நூலகக் கட்டடம் இல்லை. 1864ஆம் ஆண்டில் பிரேம்சந்த் அதன்பொருட்டு 2 இலட்சம் ரூபாய் வழங்கினார். அவ்வாண்டிலேயே மேலும் 2 இலட்சம் ரூபாய் அளித்து, நூலகத்தோடு சேர்ந்து நிற்கும் மணிக்கூண்டு ஒன்று எழுப்பவும், அதற்குத் தம் அன்னையார் இராஜாபாயின் பெயரை இடவும் வேண்டினார். தம் பெயரை நிறுத்த எண்ணாமல் தாயின் பெயரை நிறுத்த எண்ணியது அவர்தம் உள்ளத்தின் பண்பைக் காட்டுகிறது.

கூர்ச்சர நாட்டையும் அவர் மறந்தாரில்லர். பெண் கல்வி பரவாத அக்காலத்தில், சூரத்து நகரின் பெண்கள் பள்ளி ஒன்றிற்குத் தம் தந்தையார் பெயரால் பொருள் வழங்கினார். பரூச்சு நகரத்து நூலகமும் அவர் தந்தையாரின் பெயரைத் தாங்கியது. அகமதாபாத்தின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அவருடைய கொடையால் வளர்ந்து அவர் பெயரையே பெற்றது. தாம் பிறந்து வளர்ந்த நாட்டிற்கு உதவுவது இயல்பே. பிரேம்சந்தின் கொடையோ, அவர்தம் மொழி வழங்காத வங்காளத்தையும் அடைந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு அவர் 2 இலட்சம் ரூபாய் அளித்தார். உயர்கல்வியில் சிறந்து விளங்குவோர் மேலும் ஆராய்ந்து கற்பதற்கு உதவும் பரிசில் ஒன்று, அப்பொருளைக் கொண்டு 1866ஆம் ஆண்டில் ஏற்பட்டது.

வீழ்ச்சி

1865ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அமெரிக்கப் போர் முடிவுக்கு வந்தது. போர் நின்றது என்னும் செய்தி உலகிற்கு நற்செய்தி. பம்பாய்ச் சந்தைக்கோ அதுவே இடிச்செய்தி. அமெரிக்கப் பஞ்சு மீண்டும் வருமென்று அறிந்ததும் இந்தியப் பஞ்சின் விலை சரிந்தது. பஞ்சின் விலையை நம்பி எழுந்த பங்குகளின் விலையும் உடன் சரிந்தது. வாய்தா வாணிகத்திற்குக் கெடு நாளாகக் குறிக்கப்பட்டிருந்தது 1865ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள். அந்நாளில் வாங்கியவரிடம் பணம் இல்லை; விற்றவரிடம் பொறுமை இல்லை. ஒருவர் நொடித்தவுடன் அவரை நம்பியிருந்தவரும் நொடித்தார். அவரை நம்பியவரும் அடுத்து நொடித்தார். சீட்டுக்கட்டால் அமைத்த வீடுபோல் அனைத்தும் குலைந்தன. 2,850 ரூபாய்வரை உயர்ந்த பம்பாய் வங்கிப் பங்கின் விலை 87 ரூபாயாகத் தாழ்ந்தது. பேக் பே நிறுவனம் அழிந்தது. முதல்நாள் மாளிகையில் வாழ்ந்தோர் மறுநாள் கடன்காரர் முன் தலைகுனிந்து நின்றனர். சிறுகச் சிறுகச் சேமித்த பொருளை இழந்த எளியோர் எத்துணைப் பேர் என்று எண்ணிச் சொல்வார் இல்லை.

பிரேம்சந்தின் பெருஞ்செல்வமும் அவ்வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பம்பாய் வங்கி மீள வழியின்றி 1868ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. அதன் வீழ்ச்சிக்குக் காரணம் யாது என்று ஆராய அரசினர் ஒரு குழுவை அமைத்தனர். தக்க ஈடு இல்லாமல் கடன் வழங்கப்பட்டதும், அதில் பிரேம்சந்துக்கு இருந்த அளவிறந்த செல்வாக்கும் அவ்வாராய்ச்சியில் வெளிப்பட்டன. முன்பு அவரைப் புகழ்ந்த நாவே பின்பு அவரை இகழ்ந்தது.

இவ்விடத்தில் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். வீழ்ச்சிக்குப் பிரேம்சந்த் ஒருவரே காரணர் அல்லர். வரம்பின்றிக் கடன் கொடுத்த வங்கியினரும், உழைப்பின்றி ஒரு நாளில் செல்வராக விரும்பிய மக்களும் அதற்குப் பொறுப்புடையவர்களே. ஆயினும், பலர் நம்பும் இடத்தில் இருப்பவனுக்குக் கடமையும் மிகுதி. முன்னே செல்பவன் வழி தவறினால் பின்னே வருவோர் அனைவரும் பள்ளத்தில் வீழ்வர். அக்குறை பிரேம்சந்தைச் சார்ந்தது என்பதை மறைத்தற்கு இல்லை. வள்ளல் என்பதற்காக ஒருவர் செய்த பிழையை இல்லையென்று கூறுதல் அறமாகாது. பிழை செய்தார் என்பதற்காக அவர் செய்த நன்மையை மறத்தலும் அறமாகாது.

வீழ்ந்தபின் வாழ்வு

செல்வம் போனபோது உள்ளமும் உடைந்து ஒடுங்கிவிடுவோர் பலர். பிரேம்சந்த் அங்ஙனம் ஒடுங்கவில்லை. நகரைவிட்டு ஓடவும் இல்லை. இகழ்ச்சி சூழ்ந்த அந்நகரிலேயே, தாம் அறிந்த அதே தொழிலை மீண்டும் மேற்கொண்டார். பழைய பெருஞ்செல்வத்தை அவர் பின்னர் எய்தவில்லை எனினும், தரகர் நடுவே மதிப்புக்குரிய முதியவராக வாழ்ந்தார்.

மரநிழலில் நடந்த வாணிகத்திற்கு ஒழுங்கும் விதியும் வேண்டும் என்பதை 1865ஆம் ஆண்டின் துன்பம் எல்லோர்க்கும் கற்பித்திருந்தது. 1875ஆம் ஆண்டில் பம்பாய்த் தரகர்கள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். அதனை நிறுவியவருள் பிரேம்சந்த் முதன்மையாக வைத்து எண்ணப்படுகிறார். தலால் தெருவில் நிலைபெற்ற அச்சங்கமே இன்று மும்பைப் பங்குச் சந்தையாக வளர்ந்துள்ளது. ஆசியாக் கண்டத்தின் மிகப் பழைய பங்குச் சந்தை அதுவே. அவர் 1906ஆம் ஆண்டில், எழுபத்தைந்தாம் அகவையில் இயற்கை எய்தினார்.

நிலைத்து நிற்பவை

பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த பொருளால் எழும் கட்டடத்திற்கு 1869ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளில் அடிக்கல் நாட்டப்பட்டது. அப்பொழுது கொடையாளரின் செல்வம் அழிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பியார் கில்பர்ட் ஸ்காட் என்பவர் பம்பாய்க்கு வாராமலே இலண்டனிலிருந்து அதன் வரைபடத்தை வகுத்தளித்தார். 1878ஆம் ஆண்டில் பணி முடிவுற்றது. 280 அடி உயரமுள்ள அம்மணிக்கூண்டே அக்காலத்தில் அந்நகரின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது. மேலை இந்தியாவில் வாழும் பல்வேறு சமூக மக்களின் உருவங்கள் அதன்மேல் சிலைகளாக அமைந்து அழகு செய்கின்றன.

அக்கூண்டைப் பற்றி ஒரு செய்தி மக்களிடையே வழங்கி வருகிறது. ஞாயிறு மறையும் முன்னரே மாலை உணவை முடித்துவிடுவது சமணர் நோன்பு. இராஜாபாய் அம்மையாரோ முதுமையில் கண்ணொளி இழந்தவர். பொழுது கண்டு உண்ண இயலாத தாய்க்குப் பொழுதை உணர்த்தவே மகன் மணிக்கூண்டு எழுப்ப எண்ணினார் என்பது அச்செய்தி. அஃது எவ்வாறாயினும், அம்மணியின் ஓசை ஒரு தாய்க்கு மட்டுமன்றி ஒரு நகரம் முழுவதற்கும் பொழுதை உணர்த்தியது. அதனடியில் அமைந்த நூலகம் பல தலைமுறை மாணவருக்கு அறிவை உணர்த்தியது. பல்கலைக்கழகத்தின் இக்கட்டடங்களை உள்ளடக்கிய மும்பையின் பழைய கட்டடத் தொகுதியை 2018ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகம் உலக மரபுச் சின்னமாக ஏற்றுள்ளது.

கல்கத்தாவில் ஏற்பட்ட பரிசிலும் வீண்போகவில்லை. பிற்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் விளங்கிய ஆசுதோஷ் முகர்ஜி 1886ஆம் ஆண்டில் அதனைப் பெற்றார். முகலாயர் வரலாற்றை ஆராய்ந்து எழுதிய பேரறிஞர் யதுநாத் சர்க்கார் 1897ஆம் ஆண்டில் அதனைப் பெற்றார். கொடுத்தவர் கூர்ச்சரர், பெற்றவர் வங்காளியர், பயன் அடைந்ததோ இந்திய நாடு முழுவதும்.

பிரேம்சந்த் தம் கொடையை ஓராண்டு தாழ்த்தியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? இன்னும் சிறிது பொருள் சேரட்டும், பின்னர் வழங்குவோம் என்று 1864ஆம் ஆண்டில் அவர் எண்ணியிருந்தால், பல்கலைக்கழகத்திற்கு அளித்த பொருளும் 1865ஆம் ஆண்டின் வெள்ளத்தில் பங்குத்தாளோடு பங்குத்தாளாய் மறைந்திருக்கும். நூலகம் எழுந்திராது, மணியும் ஒலித்திராது. உள்ளபோதே கொடுத்தமையால் அப்பொருள் தப்பியது. அதனோடு அவர் பெயரும் தப்பியது.

மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகளை உணர்தல் வேண்டும். உழைப்பை விட்டு, ஏறும் விலையை மட்டும் நம்பித் தேடும் பொருள், தேடியவரையும் அவரைச் சூழ்ந்தோரையும் ஒருநாள் துன்பத்தில் ஆழ்த்தும் என்பது ஒன்று. கையில் பொருள் உள்ள காலத்திலேயே, காலம் தாழ்த்தாமல், பிறர் அறிவு வளர வழங்கும் பொருளுக்கு அழிவில்லை என்பது மற்றொன்று. சேர்த்து வைத்ததை இழந்தும், கொடுத்துவிட்டதால் நிலைபெற்ற பிரேம்சந்த் இராய்சந்தின் வாழ்வு இவ்விரண்டு உண்மைகளுக்கும் சான்றாக விளங்குகிறது.